கேட்கிறது, புரியவில்லை: காட்பாடியில் பேச்சுத் தெளிவை அளத்தல்

காட்பாடி சந்திப்பில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒலிபெருக்கி தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில் பேசுகிறது. சென்னை–பெங்களூரு தடத்திலிருந்து திருப்பதி பக்கமும் விழுப்புரம் பக்கமும் பாதை பிரியும் இடம் இது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள், வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வந்துபோகிறவர்கள் எனப் பலரும் இங்கே ஏறி இறங்குகிறார்கள். அறிவிப்பு சத்தமாகத்தான் வருகிறது. ஆனாலும் அது முடிந்தவுடன் பக்கத்தில் நிற்பவரிடம் “என்ன சொன்னாங்க?” என்று கேட்காத பிளாட்பாரம் கிடையாது.

காதில் விழுவது வேறு, புரிவது வேறு. நம் சட்டங்களும் பெரும்பாலான காது சோதனைகளும் முதலாவதைத்தான் அளக்கின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டுகின்றன. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 90 டெசிபல். இவை காதையும் தூக்கத்தையும் காக்கும் எண்கள். சொன்னது புரிந்ததா என்பதை இவை சொல்வதில்லை. ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல்தான். 90 டெசிபல் இரைச்சலில் அந்தப் பேச்சின் ஒரு சொல்கூடத் தேறாது. சட்டப்படி சரியான ஓர் இடம், பேச்சுக்கு முற்றிலும் மூடப்பட்ட இடமாக இருக்க முடியும்.

புரிதலை எண்ணாக்கிய கதை

புரிதலை அளக்கும் தேவை முதலில் தொலைபேசிக்காரர்களுக்கு வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பெல் 1910-இல் தொலைபேசி வழியாக அசைகளைச் சொல்லி, மறுமுனையில் எத்தனை சரியாக எழுதப்பட்டன என்று எண்ணினார். பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சர் அதைப் பெரும் ஆய்வுத் திட்டமாக வளர்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமானத்துக்குள் கட்டளை புரிய வேண்டிய அவசரம் எழுந்தது. ஹார்வர்டின் உளவொலியியல் ஆய்வகம் 50 சொற்கள் கொண்ட பட்டியல்களைத் தயாரித்தது. அன்றாடப் பேச்சில் ஒவ்வோர் ஒலியும் எந்த விகிதத்தில் வருகிறதோ, அதே விகிதத்தில் பட்டியலிலும் வர வேண்டும் என்பது அதன் விதி. ஜேம்ஸ் ஈகன் 1948-இல் அந்த முறைகளைத் தொகுத்து வெளியிட்டார். இன்றும் காது மருத்துவமனைகளில் பயன்படும் சொற்பட்டியல்களின் மூதாதை அதுவே.

சொற்பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். ஜார்ஜ் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 1951-இல் இதைத் தெளிவாக நிறுவினார்கள். வரக்கூடிய சொற்கள் இரண்டுதான் என்று முன்பே தெரிந்தால் கடும் இரைச்சலிலும் சரியாகச் சொல்லிவிடலாம். எந்தச் சொல்லும் வரலாம் என்றால் அதே இரைச்சலில் தோற்றுப்போவோம். தினமும் அதே வண்டியில் போகிறவருக்கு அறிவிப்பு புரிவதற்கும், முதல்முறை வந்த நோயாளியின் மகனுக்குப் புரியாததற்கும் காரணம் இதில் இருக்கிறது. பழக்கப்பட்டவர் பாதியைக் கேட்கிறார், மீதியை ஊகிக்கிறார்.

பின்னர் வந்த முறை, மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் புரிதலின் வாசலைத் தேடியது. இரைச்சலை ஒரே அளவில் வைத்து ஒரு வாக்கியம் ஒலிக்கும். கேட்பவர் சரியாகத் திருப்பிச் சொன்னால் பேச்சின் ஒலியை 2 டெசிபல் குறைப்பார்கள். தவறினால் 2 டெசிபல் கூட்டுவார்கள். இப்படி ஏறி இறங்கி, பாதி வாக்கியங்கள் மட்டும் புரியும் புள்ளியில் சோதனை நிலைகொள்ளும். நெதர்லாந்தில் பிளாம்ப், மிம்பன் இருவரும் 1979-இல் வகுத்த வழி இது. அந்தப் புள்ளியின் அருகே சரிவு மிகச் செங்குத்தானது: ஒரு டெசிபல் மாறினாலே ஏறக்குறைய 15 சதவீத வாக்கியங்கள் கைக்கு வரும் அல்லது கைநழுவும். பிளாட்பாரத்தில் பத்தடி தள்ளி நிற்பவருக்குப் புரிந்தது நமக்குப் புரியாமல் போவதில் வியப்பில்லை.

இரைச்சல் ஒன்று, எதிரொலி இன்னொன்று

ரயில் நிலையத்தில் பேச்சைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று இரைச்சல்: எஞ்சின், சக்கரம், கூட்டம், தேநீர் விற்பவரின் குரல். இன்னொன்று, சொன்ன பேச்சே திரும்பி வந்து தன்னை மறைப்பது. தகரக் கூரை, கான்கிரீட் தரை, எதிரே நிற்கும் வண்டியின் இரும்பு உடல் ஆகிய எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்பும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 34 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த ஒலிபெருக்கியின் அதே சொல், பத்தில் ஒரு நொடி பிந்தி வந்து சேரும். அந்த நேரத்தில் அருகிலிருக்கும் ஒலிபெருக்கி அடுத்த அசைக்குப் போயிருக்கும். 24 பெட்டி வண்டி நிற்கும் பிளாட்பாரம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலை வெல்லலாம். எதிரொலியை வெல்ல முடியாது, அதுவும் கூடவே கூடும்.

இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கியவர்கள் டச்சு ஆய்வாளர்கள் ஹௌட்காஸ்ட்டும் ஸ்டீனெகனும். 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் கவனித்தது எளிய உண்மை. பேச்சு என்பது ஒலி அளவு நொடிக்குச் சில முறை ஏறி இறங்குவது. அந்த இறக்கங்கள் எவ்வளவு காப்பாற்றப்படுகின்றனவோ அவ்வளவு பேச்சு புரியும். இரைச்சலும் எதிரொலியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இறக்கத்தை நிரப்புகின்றன. 125 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைப் பட்டைகளில், ஒவ்வொன்றிலும் 14 வேக அளவுகளில் இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து, 0 முதல் 1 வரையிலான குறியெண்ணாகத் தருவது எஸ்.டி.ஐ. முறை. 0.3-க்குக் கீழே மோசம், 0.45-க்கும் 0.6-க்கும் இடையே பரவாயில்லை, 0.75-க்கு மேல் மிக நன்று. அவசரகால அறிவிப்பு அமைப்புகளுக்குக் குறைந்தது 0.5 வேண்டும் என்பது பிரிட்டன் தரநிலையின் பரிந்துரை. இதன் சுருக்க வடிவமான ஸ்டைப்பா சோதனையில், ஓரிடத்தில் அளக்க அரை நிமிடம்கூட ஆகாது. கையடக்கக் கருவி போதும்.

மாண்டரின் எழுப்பிய கேள்வி

எஸ்.டி.ஐ. இயற்பியல் எண். மொழி எதுவானாலும் அறை ஒன்றுதானே என்று தோன்றும். மாண்டரின் ஆய்வுகள் இந்த நம்பிக்கையை அசைத்தன. ஜியான் காங் 1998-இல் வெளியிட்ட ஒப்பாய்வு, குறியெண் ஒன்றாகவே இருந்தாலும் ஆங்கிலச் சொற்களும் மாண்டரின் சொற்களும் ஒரே அளவு புரிவதில்லை என்று காட்டியது. இரைச்சலில் ஒரு விதமாகவும் எதிரொலியில் இன்னொரு விதமாகவும் வேறுபாடு வந்தது.

காரணம் மொழியின் அமைப்பில் இருக்கிறது. மாண்டரினில் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து நான்கு வெவ்வேறு சொற்களாகும். குரலின் சுருதி இரைச்சலில் எளிதில் அழிவதில்லை. எனவே மெய்யெழுத்து மங்கிய பிறகும் அந்த ஏற்ற இறக்கம் காதில் நிற்கும். ஆனால் காதுக்குள் பொருத்தப்படும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவி சுருதியை நன்றாகக் கடத்துவதில்லை. அங்கே மாண்டரின் பேசுபவருக்குக் கூடுதல் இடர் வருகிறது. ஆங்கிலத்துக்குச் செய்த சோதனையை மொழிபெயர்த்தால் இவை எதுவும் தெரியவந்திருக்காது. அதனால்தான் மாண்டரினுக்கெனத் தனி வாக்கியச் சோதனை 2007-இல் வெளியிடப்பட்டது. ஒலியில் நெருங்கிய சொற்களைக் கொண்டு தெளிவை அளக்கும் முறையைச் சீனா 2008-இல் 13504 என்ற எண்ணில் தேசியத் தரநிலையாகவும் வெளியிட்டது.

தமிழைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். இரைச்சலில் தமிழின் எந்தப் பகுதி முதலில் போகிறது?

தமிழில் எது முதலில் உடைகிறது

மில்லரும் பாட்ரிசியா நைஸ்லியும் 1955-இல் ஆங்கிலத்தின் 16 மெய்யொலிகளை இரைச்சலில் ஒலிக்கச் செய்து, எது எதுவாகத் தவறாகக் கேட்கிறது என்று அட்டவணை போட்டார்கள். குரல்நாண் அதிர்கிறதா, மூக்கொலியா என்ற இரண்டு அடையாளங்களும் பேச்சை விட இரைச்சல் 12 டெசிபல் கூடுதலாக இருந்தபோதும் தப்பின. வாயில் எந்த இடத்தில் ஒலி பிறக்கிறது என்ற அடையாளமோ, பேச்சு இரைச்சலை விட 6 டெசிபல் மேலே இருந்தால்தான் தேறியது. இரண்டுக்கும் இடைவெளி 18 டெசிபல்.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு கருதுகோள் உருவாகிறது. ஆங்கிலத்தில் ‘ப’வின் அதிரும், அதிராத இரண்டு ஒலிப்புகளும் சொல்லின் முதலில் வெவ்வேறு சொற்களைத் தரும். தமிழின் சொந்தச் சொற்களில் முதலெழுத்துக்கு அந்த வேறுபாடு இல்லை. ஆக, இரைச்சலில் மிக உறுதியாக நிற்கும் அடையாளம் நமக்குச் சொல்லின் தொடக்கத்தில் உதவுவதில்லை. மாறாக, பிறப்பிடத்தைத் தமிழ் தாராளமாகப் பயன்படுத்துகிறது. மனம்–மணம், பனி–பணி, வலி–வளி ஆகிய எல்லாமே நாக்கு எங்கே படுகிறது என்பதால் மட்டும் பிரிபவை. இரைச்சல் முதலில் தின்பது அதைத்தான்.

இன்னொரு பக்கம், தமிழ் காலத்தைச் செலவிட்டுப் பொருளைப் பிரிக்கும் மொழி. கல்–கால், பல்–பால் என்பதில் உயிரின் நீளம்; பலி–பல்லி, கனி–கன்னி என்பதில் மெய்யின் நீளம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் இலக்கணத்தின் தொடக்கத்திலேயே அளவு வைத்தது இதனால்தான். சீரான இரைச்சலில் நீளம் ஓரளவு தாங்கும். எதிரொலி அதிகமுள்ள கூரையின் கீழ் நிலைமை தலைகீழ்: குறிலின் வால் நீண்டு நெடிலாகும், இரட்டை வல்லினத்தின் நடுவே இருக்க வேண்டிய மௌனம் நிரம்பிவிடும். படம்–பட்டம் போன்ற இணைகளில் தனி மெய் அதிர்வோடும் இரட்டித்த மெய் அதிர்வின்றியும் ஒலிப்பதால் ஒரு காப்பு மிச்சமிருக்கிறது. கனி–கன்னிக்கு அந்தக் காப்பும் இல்லை.

வாக்கிய அமைப்பும் கணக்கில் வரும். தமிழில் வினை கடைசியில் வருகிறது; ஆம், இல்லை என்பது வினையின் இறுதியில். “நிற்கும்” என்பதற்கும் “நிற்காது” என்பதற்கும் உள்ள வேறுபாடு, வாக்கியத்தின் முடிவில், அறிவிப்பவரின் குரல் தாழும் இடத்தில், வந்துகொண்டிருக்கும் வண்டியின் இரைச்சல் உச்சமடையும் நேரத்தில் விழுகிறது. இவை ஆங்கில ஆய்வுகளிலிருந்தும் தமிழ் இலக்கணத்திலிருந்தும் எட்டும் ஊகங்கள். இவற்றைக் காட்பாடி போன்ற இடத்தில் சோதிக்க முடியும், சோதிக்க வேண்டும்.

ஏழும் எட்டும்

சோதனையை எண்களிலிருந்து தொடங்கலாம். 2010 டிசம்பர் முதல் இந்திய ரயில்களுக்கு ஐந்து இலக்க எண்கள். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் லால்பாக் எக்ஸ்பிரஸ் 12607. திரும்பி வருவது 12608. இரண்டும் காட்பாடியில் நிற்கின்றன. எண்ணைக் கேட்டு வண்டியை அடையாளம் காண்பவருக்கு, திசையையே மாற்றும் வேறுபாடு ஏழு, எட்டு என்ற கடைசி இலக்கத்தில் மட்டும் இருக்கிறது. ஒன்று ஏகாரத்திலும் மற்றது எகரத்திலும் தொடங்கி, இரண்டும் உகரத்தில் முடிகின்றன. எதிரொலி எகரத்தை நீட்டி, டகர இரட்டிப்பின் மௌனத்தை நிரப்பினால் மிஞ்சும் வேறுபாடு கொஞ்சமே.

ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாமே உகரத்தில்தான் முடிகின்றன. ஏழு தவிர மற்றவை குற்றியலுகரம், அதாவது இலக்கணமே அரை மாத்திரையாகக் குறைத்துவிட்ட முடிவு. ஆகவே அடையாளம் முழுதும் சொல்லின் முன்பாதியில் கிடக்கிறது. ஒன்று, மூன்று என்பவற்றின் பின்பாதி ஒன்றேதான்.

எண்களால் காதைச் சோதிக்கும் முறை உலகில் பரவிவருகிறது. இரைச்சலுக்கு நடுவே மூன்று இலக்கங்களைச் சொல்லி, தொலைபேசி வழியாகவே சோதிக்கும் முறையை நெதர்லாந்தில் ஸ்மிட்ஸ் குழுவினர் 2004-இல் அறிமுகம் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஹியர்-ஹூ செயலியும் இதே அடிப்படையில் இயங்குகிறது. இலக்கங்களுக்கு அசை எண்ணிக்கை சமமாக இருந்தால் சோதனை நேர்மையாக இருக்கும். தமிழில் இரண்டையும் ஒன்பதையும் விலக்கினால் மீதி ஏழு இலக்கங்களும் ஈரசை கொண்டவை. நல்ல தொடக்கம்.

குழப்பும் இலக்கங்களை மாற்றிச் சொல்லும் வழக்கமும் உலகில் இருக்கிறது. விமான வானொலியில் ஆங்கில ‘நைன்’ என்பதை ‘நைனர்’ என்கிறார்கள், ‘ஃபைவ்’ என்பதோடு கலக்காமலிருக்க. சீன ரயில்வேயிலும் ராணுவத்திலும் ஒன்றை ‘யீ’ என்று சொல்லாமல் ‘யாவ்’ என்கிறார்கள். ஏழு ‘ச்சீ’ ஆகையால் ஒன்றும் ஏழும் ஒலிபெருக்கியில் ஒன்றாகிவிடும் என்பதே காரணம். தமிழ் அறிவிப்பில் எந்த மாற்றம் உதவும் என்பதை ஊகத்தால் அல்ல, குழப்ப அட்டவணையால்தான் தீர்மானிக்க முடியும்.

தையல் மெஷின்களுக்கு நடுவே

பேச்சுத் தெளிவு பிளாட்பாரத்தோடு நிற்கும் விஷயமல்ல. தோல் பதனிடும் இடத்தில் டிரம் சுற்றுகிறது, ஃபிளெஷிங், ஷேவிங், பஃபிங் மெஷின்கள் ஓடுகின்றன. ஷூ கம்பெனியின் ஹாலில் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். இங்கே பேச்சு பெருமளவு கையசைவிலும் உதட்டசைவிலும் நடக்கிறது. பேசுபவரின் முகம் தெரிந்தால் இரைச்சலில் புரிதல் வெகுவாகக் கூடும் என்பதை சம்பியும் பொலாக்கும் 1954-இலேயே அளந்து காட்டினார்கள். தூசுக்காக முகக்கவசம் போட்டால் அந்த உதவி போய்விடும். இரைச்சலில் நிற்பவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவதை 1911-இல் எத்தியென் லொம்பார்ட் விவரித்தார். ஷிஃப்ட் முழுதும் அப்படிப் பேசுபவரின் தொண்டையும் கூடவே தேய்கிறது.

இரைச்சலால் காது கெடும்போது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுப்பட்ட கேள்திறன் குறைகிறது. ஷூ ஒட்டும் பசைகளில் உள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்களும் காதுக்குக் கேடு செய்யக்கூடியவை. பாதிக்கப்பட்டவர் “கேட்குது, ஆனா புரியல” என்கிறார். அமைதியான அறையில் ‘பீப்’ ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் சோதனையில் அவர் சில சமயம் தேறிவிடலாம், கடைத்தெருவில் தோற்றுப்போவார். ரேமண்ட் கார்ஹார்ட்டும் டாம் டில்மனும் 1970-லேயே இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை வழக்கமான சோதனையில் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள்.

தமிழில் அடித்தளம் இல்லாமலில்லை. 1965-இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனத்தில் 1976-இல் தயாலன் சாமுவேல் தமிழ் ஒலிவிகிதச் சொற்பட்டியலை உருவாக்கித் தரப்படுத்தினார். அதே நிறுவனத்தில் 2010-இல் கன்னடத்துக்கு விரைவான இரைச்சல்-வாக்கியச் சோதனை வந்தது. இத்தகைய சோதனைகளைத் தோல் கம்பெனிகளின் மருத்துவ அறைக்குள் கொண்டுவருவதுதான் மீதி வேலை. அதில் ஒரு எச்சரிக்கை தேவை. வேலூர், ஆம்பூர்த் தொழிலாளிகளில் பலருக்கு வீட்டு மொழி உருது, சிலருக்குத் தெலுங்கு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும் ‘ஒண்ணு, மூணு’ என்று பேசுபவர். எழுத்துத் தமிழில் மட்டும் சோதித்தால், காதை அளப்பதாக நினைத்துப் பள்ளிப்படிப்பை அளந்துவிடுவோம்.

அந்நிய மொழியில் கேட்பவர்

இரைச்சல், எதிரொலி இரண்டுக்கும் மேல் காட்பாடியில் மூன்றாவது தடை ஒன்று உண்டு: கேட்பவருக்கு அறிவிப்பின் மொழி தாய்மொழி அல்ல. 1997-இல் மேயோ, ஃப்ளோரன்டைன், பூஸ் மூவரும் ஸ்பானிஷ் தாய்மொழியினரிடம் ஆங்கிலத்தை இரைச்சலில் சோதித்தார்கள். சிறுவயதில் கற்றவர்கள், பதினான்கு வயதுக்குப் பின் கற்றவர்களை விட அதிக இரைச்சலைத் தாங்கினார்கள். அமைதியில் சரளமாகப் பேசுபவரும் இரைச்சலில் பின்தங்குவார். வங்காள மொழி பேசும் முதியவர் இந்தி அறிவிப்பைக் கேட்கும் நிலை இதுதான். உள்ளூர் அதிகாரி ஒருவர் நின்று “எனக்குப் புரிகிறதே” என்று சொல்வது சான்றாகாது. அவருக்கு மொழியும் தெரியும், வண்டியும் தெரியும்.

அறிவிப்பையே நிறுத்திவிடலாமா? 2023 பிப்ரவரி இறுதியில் சென்னை சென்ட்ரலில் அதைச் செய்து பார்த்தார்கள், திரைகள் போதும் என்று. பார்வையற்ற பயணிகளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அறிவிப்பு விரைவிலேயே திரும்பியது. எழுத்துத் திரை துணை செய்யும், மாற்றாகாது.

செய்ய வேண்டியவை

2022 மே 26 அன்று சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டிய ஐந்து ரயில் நிலைய மறுசீரமைப்புத் திட்டங்களில் காட்பாடியும் ஒன்று. புதுக் கட்டடத்தில் உயர்ந்த கூரையும் கண்ணாடியும் பளபளப்பான கல் தரையும் வந்தால், பார்க்க அழகாக இருக்கும், எதிரொலியும் கூடும். கட்டி முடித்த பின் கூரையை மாற்ற முடியாது. வரைபட நிலையிலேயே ஒலியை உறிஞ்சும் பரப்புகளைச் சேர்ப்பதற்கும், தொலைவில் சில பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பதில் நெருக்கமாகப் பல சிறியவற்றை வைப்பதற்கும் ஆகும் செலவு ஒப்பீட்டில் சிறிது.

அளப்பதை இரண்டு படிகளில் செய்யலாம். முதல் படி இயற்பியல்: பிளாட்பாரத்தின் நீளத்தில் பல புள்ளிகளில், காலி நேரத்திலும் வண்டி வரும் நேரத்திலும் எஸ்.டி.ஐ. எடுத்து, 0.5-க்குக் கீழே விழும் இடங்களைக் குறிப்பது. இரண்டாம் படி மனிதர்கள்: அந்த ஒலிநிலையைப் பதிவு செய்து, தமிழர், உருதும் தெலுங்கும் பேசுபவர், வங்காளிகள், அறுபது கடந்தவர்கள் ஆகியோரிடம் வண்டி எண், பிளாட்பார எண், நிற்குமா நிற்காதா என்ற மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லி, குழப்ப அட்டவணை போடுவது. காது சோதனையாளர்கள் சி.எம்.சி.யில் இருக்கிறார்கள், பொறியாளர்கள் வி.ஐ.டி.யில் இருக்கிறார்கள், சோதனைக்களம் இரண்டுக்கும் அருகிலேயே இருக்கிறது.

கட்டடம் ஒப்படைக்கப்படும்போது மின்கசிவும் தீயணைப்பும் சரிபார்க்கப்படுகின்றன. பேச்சுத் தெளிவும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும், அதை அளக்கும் சோதனையில் தமிழும் இருக்க வேண்டும். தெற்கு ரயில்வே இதை ஒப்பந்த நிபந்தனையாக எழுதத் தொடங்க ஏற்ற இடம் காட்பாடி.